ஊரின் குரலை ஒலியாக்குதல்: சமுதாய வானொலிக்கும் பாட்காஸ்ட்டுக்கும் நிகழ்ச்சி தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சக்கரத்தின் முன் அமர்ந்திருக்கும் குயவரிடம் மைக்கை நீட்டி, "இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டால், தம்மைத் தேடி வந்த ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதிலே கிடைக்கும். அதே குயவர் ஈர மண்ணுக்குள் கட்டைவிரலை இறக்கும்போது சக்கரத்தின் ஓசை ஒரு கணம் கனத்துத் தாழ்கிறது. அந்தக் கணத்தில், "இப்போது உங்கள் விரல் என்ன செய்தது?" என்று கேட்டால், அவர் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லக்கூடும். முதல் பதிலிலிருந்து இரண்டாவது பதிலுக்குப் போய்ச் சேர்வதுதான் உள்ளூர்க் கலை, பண்பாடு, சமூகப் பிரச்சினை ஆகியவற்றைப் பற்றி நிகழ்ச்சி தயாரிப்பவரின் முதன்மையான வேலை. கருவி, மென்பொருள், உரிமம் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. ஆனால் அவற்றில் கோட்டைவிட்டால் கிடைத்த நல்ல பதிலும் கேட்க முடியாததாகிவிடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே இங்கே பேச வேண்டியிருக்கிறது.

வானொலியா, பாட்காஸ்ட்டா?

ஒலிபரப்பை மக்களே நடத்தும் வழக்கத்துக்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. கொலம்பியாவில் 1947-இல் ஒரு பாதிரியார் தொடங்கிய ரேடியோ சுத்தாத்தென்சா, உழவர் குடும்பங்களுக்கு எழுத்தறிவைக் கொண்டுசென்றது. ஏறத்தாழ அதே காலத்தில் பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கங்களின் மூலம் சொந்த நிலையங்களை அமைத்துக்கொண்டார்கள். 1949-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கேபிஎஃப்ஏ நிலையம் விளம்பரதாரரை நம்பாமல் நேயர்களின் பணத்தை நம்பி ஒலிபரப்பைத் தொடங்கியது. இணையத்தில் கோப்பாக வெளியிட்டு, நேயர் விரும்பும்போது கேட்கும் பாட்காஸ்ட் இவற்றோடு ஒப்பிட்டால் மிக இளையது: ஆர்எஸ்எஸ் ஓடையில் (ஒரு தளத்தின் புதிய பதிவுகளைப் பிற செயலிகளுக்குத் தானாகத் தெரிவிக்கும் இணையக் கோப்பு) ஒலிக்கோப்பை இணைக்கும் வழி 2001-இல் உருவானது, பாட்காஸ்ட் என்ற பெயர் 2004-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் முதன்முதலாக அச்சேறியது, 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் அதற்கு இடம் கொடுத்த பிறகே அது பரவலானது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொழில்நுட்பத்தோடு நிற்பதில்லை. வானொலி நேயரை இடமும் நேரமும் ஒன்று சேர்க்கின்றன. பாட்காஸ்ட் நேயரைப் பொருள் ஒன்று சேர்க்கிறது. வானொலி கேட்பவர் சமைத்துக்கொண்டோ தறியில் அமர்ந்துகொண்டோ, உங்கள் நிகழ்ச்சியைத் தேடாமலேயே அதற்குள் வந்துவிடுகிறார். ஆகவே நடுவில் நுழைந்தவருக்கும் புரியும்படி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று நினைவூட்ட வேண்டும். பாட்காஸ்ட் கேட்பவரோ தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, முதல் நொடியிலிருந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார். அவருக்கு அந்த நினைவூட்டல் எரிச்சலையே தரும். ஒரே கோப்பை இரண்டு இடத்திலும் அப்படியே போடுவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. ஒரே பதிவிலிருந்து இரண்டு வடிவங்களை எடுக்க முதல் நாளே திட்டமிட்டால் கூடுதல் வேலை அரை நாளுக்கு மேல் ஆகாது.

சட்டமும் இரண்டுக்கும் வேறு. அலைவரிசைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால் வானொலிக்குக் கிட்டத்தட்ட எல்லா நாடுகளிலும் உரிமம் தேவை. யாருக்கு உரிமம், எத்தனை வாட், விளம்பரத்துக்கு எவ்வளவு நேரம், செய்தி வாசிக்கலாமா கூடாதா என்பவையெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் 2000-இல் உருவாக்கப்பட்ட குறைந்த திறன் எஃப்எம் பிரிவில் நிலையத்தின் திறன் 100 வாட்டைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2006-க்குப் பிறகுதான் கல்வி நிறுவனங்களோடு தொண்டு அமைப்புகளுக்கும் உரிமம் பெறும் வழி திறந்தது. எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், திறனைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவதே பல வேளைகளில் அதிகப் பயன் தரும். சொந்த நிலையம் அமைக்க முடியாதவர்கள் ஏற்கெனவே இயங்கும் நிலையத்தில் வாரம் அரை மணி நேரம் கேட்டுப் பெறலாம். நல்ல உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு அங்கே எப்போதும் பஞ்சம்தான்.

பொருளைச் சிறிதாக்குதல்

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, துறையைப் பொருளாக எண்ணிக்கொள்வது. "நாட்டுப்புறக் கலைகள்" என்பது ஒரு துறை. அதில் நிகழ்ச்சி எதுவும் இல்லை. "தோல் மேளத்தை ஆட்டத்துக்கு முன் நெருப்பில் காய்ச்சுபவருக்கு அது போதும் என்று எப்படித் தெரிகிறது?" என்பது ஒரு நிகழ்ச்சி. அதேபோல "குடிநீர்ப் பிரச்சினை" என்று சொன்னதும் நேயரின் காது மூடிக்கொள்ளும், "இந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலை மூன்று மணிக்கு என்றால், எந்த வீட்டில் யார் விழித்திருக்கிறார்?" என்று கேட்டால் காது திறக்கும். உங்கள் பொருளை ஒரு கேள்வியாக, ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால் பதிவுக்குப் புறப்படாதீர்கள்.

கலையையும் சமூகப் பிரச்சினையையும் தனித்தனி வரிசைகளாகப் பிரித்து வைப்பது நிலையங்களில் வழக்கம். உண்மையில் அவை ஒட்டியே இருக்கின்றன. பொம்மலாட்டக் குழு ஒன்று ஆடுவதை நிறுத்தியதற்குக் காரணம் ரசனை மாறியது மட்டும்தானா, அல்லது அவர்கள் பொம்மைகளை வைத்திருந்த கூடம் பறிபோனதா என்று விசாரித்தால், கலை நிகழ்ச்சியாகத் தொடங்கியது நிலவுரிமை பற்றிய நிகழ்ச்சியாக முடியும். அப்படித் திசை திரும்ப இடம் கொடுங்கள்.

பொருளை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பது எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் போலவே முக்கியம். ஐந்தாறு பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று இருக்கட்டும். அதில் ஒலிபரப்பைப் பற்றி எதுவும் தெரியாதவர் பாதிப் பேராவது இருக்கட்டும். குழுவின் முதல் கூட்டத்தில் யார் வரவில்லை, வந்தும் யார் வாய் திறக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த நான்கு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். பதிவுக்கு முன் ஒரு முறையாவது மைக் இல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டு வருவது, பிறகு செலவழிக்க வேண்டிய பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வடிவமும் நீளமும்

நேர்காணல், கலந்துரையாடல், பேச்சையும் இடத்தின் ஒலியையும் அறிவிப்பாளரின் உரையையும் கோத்த உரைச்சித்திரம், வானொலி நாடகம், பல சிறு பகுதிகளைக் கோத்த தொகுப்பு நிகழ்ச்சி என வடிவங்கள் பல இருந்தாலும், நான்கு பேரை மேசையைச் சுற்றி அமர்த்திப் பேசவிடுவதே எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதுதான் மிகக் கடினமானது. ஒலியில் முகம் தெரியாது. மூன்றாவது குரல் நுழைந்ததும் யார் யாரென்று நேயர் குழம்புவார். நடத்துநருக்கு அனுபவம் இல்லாவிட்டால் உரத்த குரல் ஒன்று மற்ற மூன்றையும் விழுங்கிவிடும். தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஓர் இடம், ஒரு முதன்மைக் குரல், 12 முதல் 15 நிமிட உரைச்சித்திரம். அதில் பதிவு, கேள்வி, உரை, எடிட்டிங் என எல்லாப் பயிற்சியும் அடங்கிவிடும். தொடராக வெளியிடுவதாக இருந்தால், குறைந்தது மூன்று நிகழ்ச்சிகளை முழுமையாக முடித்து வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுங்கள். நான்காவது வாரத்தில் யாருக்காவது காய்ச்சல் வரும்.

கருவிகள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. கைப்பேசியும் அதில் செருகக்கூடிய ஒரு மைக்கும் போதும். வசதி இருந்தால் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம். இரைச்சலான இடத்துக்கு டைனமிக் மைக் ஏற்றது. அமைதியான அறையில் நுணுக்கம் வேண்டுமென்றால் கண்டென்சர் மைக். தவிர்க்கவே கூடாத கருவி காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன். ஹெட்ஃபோன் இல்லாமல் பதிவு செய்வது கண்ணை மூடிக்கொண்டு படம் எடுப்பதற்குச் சமம். காற்றைத் தடுக்கும் பஞ்சு உறை வெளிப்புறப் பதிவுக்குக் கட்டாயம். கைப்பேசியில் பதிவு செய்தால் விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள்.

பதிவைச் சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில், முடிந்தால் 24 பிட்டில் வையுங்கள். ஒற்றைத் தடத்தில் (மோனோ) ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும். நினைவட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கு உதவும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருந்தால் "ப", "ட" போன்ற வல்லெழுத்துகளின் காற்று வெடிப்பு குறையும். பேச்சின் உச்சம் கருவியின் ஒலி அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். சற்றே மெலிந்த பதிவை உயர்த்திவிடலாம். வெடித்துச் சிதறிய பதிவை மீட்பது பெரும்பாலும் முடியாத காரியம்.

இடத்தைக் கேட்டல்

பதிவு நடக்கும் இடத்துக்குப் போனதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மைக்கைத் திறந்துவிட்டு, இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். காது பழகிப்போய்க் கழித்துவிடும் ஒலிகளை மைக் கழிப்பதில்லை: மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, சுவர்க்கடிகாரம், இரண்டு வீடு தள்ளி ஓடும் மோட்டார். ஒருமுறை ஒரு மூதாட்டியின் வீட்டில் இடையூறாக இருந்த குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டு, பதிவு முடிந்ததும் திரும்பப் போட மறந்து வந்துவிட்டேன். மறுநாள் பால் திரிந்ததற்கு அவர் கோபிக்கவில்லை. நான்தான் அதன் பிறகு நெடுநாள் அந்தப் பக்கம் போகக் கூசினேன். அன்றிலிருந்து பெட்டியை அணைத்தால் என் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுகிறேன். ஒலிபரப்புத் தொழிலில் இருப்பவர்களிடையே இது பழைய தந்திரம். சாவி இல்லாமல் யாரும் வீடு திரும்ப முடியாது.

பேச்சு முடிந்த பிறகு எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை நிரப்ப இதுவே கைகொடுக்கும். பிறகு, நடக்கும் வேலையின் ஒலியை மூன்று தொலைவுகளில் எடுங்கள். குயவரின் பட்டறை என்றால், வாசலில் நின்று கேட்கும் மொத்த ஓசை ஒன்று. சக்கரத்திலிருந்து இரண்டடி தள்ளி, கல் சுழலும் ஓசை இன்னொன்று. விரலுக்கு அருகில், ஈரமண் வழுக்கும் ஓசையும் பானையை நூலால் அறுத்தெடுக்கும் அந்த ஒற்றைச் "சர்ரென்ற" ஓசையும் மூன்றாவது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால், "நாம் இப்போது பட்டறைக்குள் நுழைகிறோம்" என்று அறிவிப்பாளர் சொல்லவே வேண்டாம்.

இசையையும் ஆட்டத்தையும் பதிவு செய்வது தனிக்கலை. கருவியில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருந்தால் முதல் வேலையாக அதை அணையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேள அடிக்குப் பிறகும் பாடகரின் குரல் அமுங்கி அமுங்கி எழும். ஒத்திகையின்போது மிக உரத்த அடியை அடிக்கச் சொல்லி அதற்கேற்ப அளவை வைத்துக்கொள்ளுங்கள். மைக்கைப் பாடகருக்கு அருகிலும் மேளத்துக்குத் தள்ளியும் வைப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக் வைத்துப் பின்னால் கலக்க முயல்வதைவிடப் பல நேரங்களில் இயல்பாக ஒலிக்கும்.

கேட்கும் கலை

நேர்காணலின் தொடக்கத்தில் பெயரையும் பட்டத்தையும் சொல்லச் சொன்னால் எதிரில் இருப்பவர் உடனே மேடைக்கு ஏறிவிடுவார். "இன்று காலையில் எழுந்ததும் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள், குரல் அளவையும் சரிபார்த்துக்கொள்ளலாம், அவரும் தளர்ந்து அமர்வார். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி பலரைத் தற்காப்புக்குத் தள்ளுகிறது; "எப்படி", "அன்றைக்கு என்ன நடந்தது", "கொஞ்சம் செய்து காட்டுங்கள்" என்பவை கதையை வெளியே கொண்டுவருகின்றன. ஆம், இல்லை என்று முடிந்துவிடக்கூடிய கேள்வியை எழுதிவைத்திருந்தால் புறப்படும் முன்பே அதை மாற்றி எழுதிவிடுங்கள்.

அவர் பேசி முடித்துவிட்டதாகத் தோன்றியதும் உடனே அடுத்த கேள்வியை எடுக்காமல் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் சங்கடம். அவருக்கு அது யோசிக்கக் கிடைத்த இடம். பெரும்பாலும் நான்காவது எண்ணில் அவர் மறுபடி பேசத் தொடங்குவார், அதுவே நிகழ்ச்சியில் இடம்பெறும் வரியாகவும் அமையும். "ம்ம்", "ஆமாம் ஆமாம்" என்று ஒத்து ஊதாமல் தலையை மட்டும் அசைக்கப் பழகுங்கள். உங்கள் "ம்ம்" அவருடைய சொல்லின் மீது விழுந்துவிட்டால் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

அவருடைய பேச்சுமொழியைத் திருத்தாதீர்கள், திருத்திப் பேசும்படி தூண்டவும் வேண்டாம். மைக்கைக் கண்டதும் பலர் செய்தி வாசிப்பவரின் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள்; அதற்குப் பெரும்பாலும் காரணம் நாம் கேட்ட கேள்வியின் தமிழ்தான். நீங்கள் எழுத்துத் தமிழில் கேட்டால் அவரும் எழுத்துத் தமிழில் தடுமாறுவார். தொழிற்சொற்கள் வரும்போது பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அந்தச் சொல்லை அவர் வாயாலேயே நிகழ்ச்சியில் வையுங்கள்.

ஒப்புதல்

இந்தப் பகுதியில் நின்று நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் நிகழ்ச்சிகள் மனிதர்களுக்குத் தீங்கு செய்வது பெரும்பாலும் இங்கேதான். ஒப்புதல் என்பது ஒரு தாளில் வாங்கும் கையெழுத்தோடு முடிவதில்லை. அது மூன்று முறை கேட்க வேண்டிய கேள்வி. பதிவுக்கு முன், எதற்காக, எங்கே ஒலிக்கும் என்று விளக்கிக் கேட்க வேண்டும். பதிவு முடிந்ததும், சொன்னவற்றில் எதையாவது நீக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். எடிட்டிங் முடிந்த பிறகு, அவர் பேசும் பகுதியை அவருக்கே போட்டுக் காட்டிக் கேட்க வேண்டும். செய்தித்துறையில் பலர் கடைசியை ஏற்கமாட்டார்கள். அதிகாரத்தில் இருப்பவரை விசாரிக்கும்போது அவர்கள் சொல்வது சரி. தன் வாழ்க்கையைத் திறந்து காட்டும் எளிய மனிதரிடம் அந்தக் கண்டிப்பு தேவையில்லை என்பது என் நிலைப்பாடு. படிக்கத் தெரியாதவரிடம் தாளை நீட்டாமல், ஒப்புதலை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

வானொலியில் ஒருமுறை ஒலித்தது பெரும்பாலும் காற்றோடு போய்விடும். பாட்காஸ்ட் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கிடைக்கும். வானொலிக்கு ஒப்புக்கொண்டவர் இணையத்துக்கு ஒப்புக்கொண்டதாக ஆகாது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பின்னாளில் அவர் மனம் மாறி நீக்கச் சொன்னால் எப்படி நீக்குவோம் என்பதையும், மற்றவர்கள் பதிவிறக்கி வைத்த படிகளை உங்களால் அழிக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடையாளத்தை மறைக்க வேண்டியவர் என்றால், குரலின் சுருதியை மாற்றிவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். அந்த மாற்றத்தைத் திருப்பிவிட முடியும். பேச்சின் நடையும் சொல்தேர்வும் தெரிந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அவருடைய சொற்களை வேறொருவர் வாசிப்பதே பாதுகாப்பு, வேறொருவர் வாசிக்கிறார் என்பதை நேயரிடம் சொல்லிவிடுவது நேர்மை. பின்னணியில் கேட்கும் பள்ளி மணி, கோப்பின் பெயர், கைப்பேசி தானாகச் சேர்க்கும் இடக்குறிப்பு ஆகியவற்றையும் கவனியுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் விருப்பமும் தேவை. தற்கொலை பற்றிப் பேச நேர்ந்தால், வழிமுறையையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது, ஒற்றைக் காரணத்தைக் கற்பிக்கக் கூடாது, உதவி கிடைக்கும் வழியைச் சொல்ல வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலைக் கடைப்பிடியுங்கள்.

குற்றச்சாட்டு எழுந்தால், அது யார் மீதானதோ அவருக்குப் பதில் சொல்லப் போதிய அவகாசம் கொடுத்து, எழுத்தில் கேட்டு, வந்த பதிலையும் வராத பதிலையும் நிகழ்ச்சியில் சொல்லுங்கள். ஒருவர் சொன்னதை அவரோடு தொடர்பில்லாத இன்னொருவரிடமோ ஓர் ஆவணத்திலோ சரிபார்க்காமல் உண்மையாக ஒலிபரப்பாதீர்கள். பாட்காஸ்ட்டுக்கு உரிமம் வேண்டாம் என்றாலும் அவதூறுச் சட்டம் அதற்கும் உண்டு.

காதுக்கு எழுதுதல்

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. தாளில் இதனால் தொல்லையில்லை, கண் பின்னால் போய் வரும். காதால் பின்னால் போக முடியாது. வினை வந்து சேரும்வரை அத்தனை பெயர்களையும் நேயர் சுமந்துகொண்டே நடக்க வேண்டும். "நாற்பது ஆண்டுகளாகத் தெருக்கூத்தில் பெண் வேடமிட்டு ஆடிவந்து, அண்மையில் பார்வை குறைந்ததால் ஆட்டத்தை நிறுத்திவிட்ட, இப்போது தம் பேரனுக்கு அடவு சொல்லிக்கொடுக்கும் கலைஞரைச் சந்திக்கிறோம்" என்று எழுதினால், கலைஞர் வந்து சேர்வதற்குள் நேயர் களைத்துவிடுவார். "இவர் கூத்துக் கலைஞர். நாற்பது ஆண்டுகள் பெண் வேடம் கட்டியவர். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் மாலையானால் பேரனுக்கு அடவு சொல்லித்தருகிறார்" என்றால் ஒவ்வொரு படியாக அவரும் கூடவே வருவார். கட்டுரை எழுதும்போது எனக்கே இந்த ஒழுக்கம் இருப்பதில்லை என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் இலக்கணம் வேறு.

எண்களை வாய்க்கு ஏற்றபடி முழுமையாக்கிச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் இரண்டு எண்களுக்கு மேல் வேண்டாம். நிமிடத்துக்கு 150 சொற்கள் என்ற ஆங்கிலக் கணக்கு இங்கே உதவாது, ஏனென்றால் தமிழ்ச் சொல் வேற்றுமையையும் இடைச்சொல்லையும் சேர்த்துக்கொண்டு நீண்டு நிற்கும். உங்கள் அறிவிப்பாளரைக் கடிகாரம் வைத்து ஒரு பக்கம் வாசிக்கச் செய்து, அவருடைய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய எதையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள்.

எடிட்டிங்

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் 2000-ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது; தொடக்கத்துக்கு அதுவே தாராளம். திரையில் வெட்டத் தொடங்கும் முன், பதிவு முழுவதையும் ஒருமுறை கேட்டு, நிமிடக் குறிப்போடு எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சலிப்பான வேலையைத் தவிர்ப்பவர்கள் பிறகு அதைவிட இரு மடங்கு நேரம் திரையில் தேடுவார்கள். குறிப்பிலிருந்து சிறந்த வரிகளைத் தாளில் வரிசைப்படுத்திப் பார்த்த பிறகு கோப்பைத் திறந்தால், முதல் வடிவம் ஓர் அமர்விலேயே உருவாகிவிடும்.

மூச்சுகளை எல்லாம் துடைத்தெடுக்காதீர்கள். மூச்சில்லாத குரல் பிணத்தின் குரல்போல ஒலிக்கும். தயக்கம் ஒரு பொருளைச் சொல்கிறது என்றால் அதை விட்டுவையுங்கள். வெறும் தடுமாற்றம் என்றால் வெட்டுங்கள். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை வேறொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டுவது எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் பொய்தான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயுள்ள உறுமலை வடிகட்டினால் வண்டிச் சத்தமும் மேசை அதிர்வும் குறையும். இரைச்சல் நீக்கும் கருவியை அளவோடு பயன்படுத்துங்கள்; மிகுந்தால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இறுதி ஒலி அளவு பாட்காஸ்ட்டுக்கு இரட்டைத் தடத்தில் (ஸ்டீரியோ) மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் அலகு) என்பது பரவலான வழக்கம். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களின் அளவுகோல் மைனஸ் 23. உங்கள் நிலையம் எதைக் கேட்கிறது என்று கேட்டு அதன்படி கொடுங்கள். முடிந்ததை ஹெட்ஃபோனில் மட்டுமல்லாமல் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியிலும், பாத்திரம் கழுவும் ஓசைக்கு நடுவிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல நேயர்கள் அப்படித்தான் கேட்கப் போகிறார்கள்.

இசையின் உரிமை

பாட்டின் சொல், மெட்டு, அதைப் பாடிய நிகழ்வு, அந்தப் பதிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமை இருக்கலாம். நாட்டுப்புறப் பாடலின் மெட்டு யாருடைய சொத்தும் இல்லை என்றாலும், அதைப் பாடியவருக்கும் பதிவு செய்தவருக்கும் உரிமை உண்டு. வானொலி நிலையம் இசைக்காகக் கட்டணம் செலுத்தியிருந்தால் அந்த அனுமதி பாட்காஸ்ட்டுக்கு நீளும் என்று எண்ணிவிட வேண்டாம், பெரும்பாலும் நீளாது. பாதுகாப்பான வழி, உள்ளூர்க் கலைஞரையே முகப்பிசை வாசிக்கவைத்துப் பதிவு செய்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ஊதியம் கொடுப்பது. கலைஞர்களைப் பற்றிய நிகழ்ச்சிக்குக் கலைஞரிடம் இலவசமாக வாசிக்கச் சொல்வதைப் போன்ற முரண் வேறில்லை.

வெளியீடும் நேயர்களும்

பாட்காஸ்ட்டுக்குக் கோப்பை ஏற்றிவைக்கும் சேவை ஒன்று தேவை. அது தரும் ஆர்எஸ்எஸ் முகவரியை ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். பேச்சு நிகழ்ச்சிக்கு ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் எம்பி3 போதுமானது. அரை மணி நேரம் 15 மெகாபைட்டுக்குள் அடங்குவதால் நேயரின் தரவும் மிச்சமாகும். முகப்புப் படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சலுக்குள் இருக்கட்டும். "பகுதி 7" என்று தலைப்பிடாதீர்கள். ஏழில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பேசியதன் எழுத்துவடிவத்தையும் சேர்த்து வெளியிட்டால் காது கேளாதவர்களுக்கும் தேடுபவர்களுக்கும் நிகழ்ச்சி திறந்திருக்கும்.

ஆனால் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது பாட்காஸ்ட்காரர்களின் நோய். கனடாவில் 1941-இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றங்களில், அண்டை வீட்டார் ஒன்றாகக் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு, விவாதித்து, தங்கள் கருத்தை எழுதி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அந்த முறையை 1956-இல் புனே பகுதிக் கிராமங்களில் யுனெஸ்கோ ஆதரவோடு சோதித்துப் பார்த்தார்கள். இன்றும் அதைவிடச் சிறந்த வழி கண்டுபிடிக்கப்படவில்லை. பத்துப் பேரை ஒரு திண்ணையில் கூட்டி நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு, அவர்கள் முகத்தைப் பாருங்கள். எங்கே ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் திரும்புகிறாரோ அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே நிகழ்ச்சி தொய்ந்திருக்கிறது, அல்லது பற்றிக்கொண்டிருக்கிறது. எது என்று அவரையே கேட்கலாம். நேயர்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் குரல் செய்திகளை, அனுமதி பெற்று, அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வையுங்கள். தன் குரல் ஒலித்ததைக் கேட்டவர் தன் தெருவையே கேட்கவைப்பார்.

பாதுகாத்து வைத்தல்

பெரும்பாலான குழுக்கள் வெளியான 15 நிமிடத்தை வைத்துக்கொண்டு, வெட்டிப்போட்ட இரண்டு மணி நேரத்தை அழித்துவிடுகின்றன. முதியவர் ஒருவர் பாடிய தாலாட்டின் முழு வடிவமும், இன்று யாரும் சொல்லாத தொழிற்சொற்களும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கும். மூலப் பதிவை எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே, இரண்டு வட்டுகளில், அவற்றில் ஒன்று வேறொரு கட்டடத்தில் இருக்கும்படி வையுங்கள். கோப்பின் பெயர் நாள், இடம், பொருள் என்ற வரிசையில் அமையட்டும். "புதியது இறுதி 2" என்ற பெயரை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். ஒவ்வொன்றோடும் ஓர் எளிய உரைக்கோப்பு இருக்க வேண்டும்: யார் பேசினார், யார் பதிவு செய்தார், எந்தெந்தப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் தந்தார், எதை வெளியிட வேண்டாம் என்றார். ஒரு படியைப் பேசியவரின் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள், அவர்களிடம் இருக்கும் கைப்பேசியில் ஓடும் வடிவத்தில்.